சுழன்றும் இயங்காத எஞ்சின்

“கார் ஸ்ராட் ஆகவில்லை” என்னும் ஒரே வாக்கியத்தால் நம்மவர் இரு வேறு நோய்களைக் குறிப்பிட்டு வருகின்றனர். திறப்பைத் திருப்பியதும் யாதோர் ஓசையுமின்றி, அல்லது ‘டிக்’ என்ற ஒற்றை ஒலியோடு, வண்டி ஊமையாக நின்றுவிடுவது ஒன்று. திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் ‘கர், கர், கர்’ என்று ஊக்கத்தோடு சுழன்று, சுழன்றுகொண்டேயிருந்து, கடைசிவரை தானாக இயங்கத் தொடங்காமற் போவது மற்றொன்று. முன்னையது பெரும்பாலும் பற்றரியையும் அதன் வயர்களையும் பற்றிய சங்கதி. பின்னையதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்விரண்டையும் பிரித்தறியாமையால் விளையும் நட்டம் சிறிதன்று. இரண்டாவது நோய்க்கு முதலாவது நோயின் மருந்தாகிய புதிய பற்றரியை வாங்கிப் பூட்டிவிட்டு, மறுநாளும் அதே ‘கர், கர்’ ஓசையைக் கேட்டு மனஞ்சோர்ந்தவர்கள் நம் அயலிலேயே பலர் உளர். இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் வரத் தொடங்கின. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வண்டியைக் காப்பாற்றுவதொன்றே குடும்பங்களுக்கு வழியாயிற்று. இருபது, முப்பது ஆண்டு கண்ட வண்டிகள் இன்றும் நம் வீட்டு முற்றங்களில் நிற்கின்றன. அவற்றின் உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் ஒரு மாதச் சம்பளத்திற் கணிசமான பங்கை விழுங்குவது. நள்ளிரவில் நோயாளியொருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப் புறப்படும் வேளையில் வண்டி இவ்வாறு அடம்பிடிக்குமாயின், அப்பொழுது பணத்தினும் பெரியதொன்று பணயமாகி விடுகிறது.

இத்தகைய வேளையிற் பொதுவாக எழும் கேள்வி, “எது பழுதாயிருக்கும்?” என்பது. இக்கேள்விக்கு விடையாக நூறு பொருள்களைச் சொல்லலாம். ஆளுக்கொன்றாகச் சொல்லவும் செய்வர். “எது பழுதாகவில்லை?” என்று கேட்பதே அறிவுடைய கேள்வி. இதற்கு எஞ்சினே விடை கூறும். அவ்விடைகளைக் கேட்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. காதும் மூக்கும் சற்றுப் பொறுமையும் போதும்.

சுழற்றும் கையும் சுழலும் எஞ்சினும்

முதலில் அந்தக் ‘கர், கர்’ ஓசை நமக்கு யாது கூறுகிறது என்று பார்ப்போம். அவ்வோசை எஞ்சின் எழுப்புவதன்று. ஸ்ராட்டர் எனப்படும் மின்மோட்டார், பற்றரியின் வலுவைக் கொண்டு எஞ்சினைப் பிடித்துச் சுழற்றும் ஓசை அது. பழங்காலத்தில் இவ்வேலையை மனிதனின் கை செய்தது. வண்டியின் முன்புறத் துளையில் இரும்புக் கைபிடியொன்றை நுழைத்து, மூச்சுப்பிடித்துச் சுழற்றுவார்கள். கை நழுவினால், அல்லது எஞ்சின் எதிர்ப்புறமாக உதைத்தால், மணிக்கட்டு முறிவதும் உண்டு. சார்ள்ஸ் கெற்றரிங் என்னும் அமெரிக்கர் அமைத்த மின் ஸ்ராட்டர் 1912 ஆம் ஆண்டின் கடிலாக் வண்டிகளிற் பூட்டப்பட்ட பின்னரே அந்தத் தொல்லை படிப்படியாக ஒழிந்தது. நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் வண்டியில் ஸ்ராட்டரும் இருந்தது, கைபிடி நுழைக்கும் வசதியும் இருந்தது. மாணவர்கள் அவ்வண்டியைக் கண்டால் முன்புறத்தைக் குனிந்து பார்க்கவேண்டும். சுழற்றும் கை வேறு, சுழலும் எஞ்சின் வேறு என்பது அத்துளையைக் கண்டவுடன் விளங்கிவிடும்.

ஆகவே எஞ்சின் வழக்கமான வேகத்திற் சுழல்கிறதெனில், பற்றரியும் ஸ்ராட்டரும் தம் கடமையைச் செய்துவிட்டன. அவ்விரண்டையும் சந்தேகப் பட்டியலினின்று நீக்கிவிடலாம். “வழக்கமான வேகத்தில்” என்ற சொற்களை மட்டும் கவனிக்கவேண்டும். இழுத்திழுத்து, முனகியபடி சுழலுமாயின் பற்றரி இன்னும் குற்றவாளிக் கூண்டிலேயே நிற்கிறது. நன்கு ஊட்டப்பட்ட 12 வோல்ற் பற்றரி ஓய்விலிருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். எஞ்சினைச் சுழற்றும் போது அது குறையும், 9.6 வோல்ற்றுக்குக் கீழே விழுமாயின் பற்றரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அத்தகைய பற்றரி ஸ்ராட்டரை எப்படியோ சுழற்றிவிடும். ஆனால் தீப்பொறிக்கும், புதிய வண்டிகளிலுள்ள கணினிக்கும் போதிய வலு எஞ்சியிராது.

மற்றோர் எச்சரிக்கையும் இங்கேயே கூறிவிடுகிறேன். இயங்காத எஞ்சினைத் தொடர்ந்து சுழற்றிக்கொண்டிருப்பது வீண். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முயற்சிக்குமிடையில் அரை நிமிடமேனும் ஓய்வு கொடுக்கவேண்டும். இல்லையேல் ஸ்ராட்டர் சூடேறும், பற்றரி இறங்கும், இருந்த நோயோடு புதிய நோயொன்றும் சேரும். ஐந்து நிமிடம் விடாது சுழற்றிவிட்டு, பின்பு “இப்பொழுது சுழலவும் மறுக்கிறது” என்று முறையிடுவோர் கராஜ்காரருக்கு வேலையை இரட்டிப்பாக்குகின்றனர்.

மூன்று தேவைகள்

ஜேர்மனியரான நிக்கலஸ் ஒற்றோ 1876 ஆம் ஆண்டில் நான்கு அடிப்பு எஞ்சினை அமைத்த நாளிலிருந்து இன்றுவரை பெற்றோல் எஞ்சினின் உள்ளமைப்பு எவ்வளவோ மாறியிருக்கிறது. அதன் தேவைகள் மாறவில்லை. பிஸ்டன் கீழிறங்கிக் காற்றையும் பெற்றோல் ஆவியையும் உறிஞ்சுகிறது. மேலேறி அக்கலவையை நெருக்குகிறது. உரிய கணத்தில் தீப்பொறி தோன்றி அதை எரிக்கிறது. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளி, பின் வெளியேறுகிறது. ஆகவே வேண்டுவன மூன்று: எரியத்தக்க கலவை, தீப்பொறி, நெருக்கும் அமுக்கம். மூன்றும் தத்தம் வேளையில் வந்து கூடவேண்டும். சுழலும் எஞ்சின் இயங்கவில்லையெனில் இம்மூன்றில் ஒன்று வரவில்லை, அல்லது வேளை தவறி வருகிறது. நான்காவது காரணம் கிடையாது. நூறு உதிரிப்பாகங்களைப் பற்றிய மயக்கம் இந்த ஓர் எண்ணத்தால் மூன்று கேள்விகளாகச் சுருங்கிவிடுகிறது.

எதை முதலிற் கேட்பது? எதைச் சோதிப்பது எளிதோ அதை முதலிற் கேட்பது. அனுபவசாலிகள் பலர் தீப்பொறியிலிருந்தே தொடங்குவர்.

மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டியில் இச்சோதனை மிகத் தெளிவானது. பிளக் ஒன்றைக் கழற்றி, அதன் வயரை மீண்டும் அதிலே மாட்டி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினின் இரும்பைத் தொடுமாறு வைத்து, ஒருவரை எஞ்சினைச் சுழற்றச் செய்தால், பிளக்கின் நுனியில் நீலநிறமாக, ‘சடக்’ என்ற ஓசையோடு பொறி பாயவேண்டும். மஞ்சளாகவும் மெலிந்தும் தோன்றினாற் பொறி பலவீனமானது. வெறுங்கையால் வயரைப் பிடிக்கலாகாது. கொயில் என்னும் சுருள் பற்றரியின் 12 வோல்ற்றை இருபதினாயிரம் வோல்ற் அளவுக்கு உயர்த்திவிடுகிறது. நன்கு காப்பிடப்பட்ட இறப்பர்ப் பிடியுள்ள குறட்டினாற் பிடிக்கவேண்டும். அருகிற் பெற்றோல் சிந்தியிருந்தால் இச்சோதனையைச் செய்யவே கூடாது. கழற்றிய பிளக் துளையினூடாகவும் பெற்றோல் ஆவி வெளிவருமாதலால், பொறி பாயும் இடம் அத்துளைக்கு எட்டவே இருக்கவேண்டும். இளைஞர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்கவே இதைச் செய்தல் வேண்டும்.

பொறி இல்லையா? வயர், டிஸ்ரிபியூட்டர் மூடி, அதனுள்ளே திறந்து மூடும் பொயின்ற், கண்டென்சர், கொயில் என்ற வரிசையிலே பின்னோக்கிச் செல்லவேண்டும். பொயின்ற் திறக்கும் இடைவெளி மொறிஸ் மைனரில் ஏறத்தாழ 0.015 அங்குலம், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். இச்சிறு அளவு தேய்ந்து மறைந்துவிட்டாற்கூட வண்டி அசையாது.

நம் வடபகுதியில் மாரிகாலத்திற்கென்றே உரிய நோயொன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இரவெல்லாம் மழை பெய்து, விடியற்காலையில் வெளியே நின்ற வண்டியை எழுப்ப முயன்றால் அது சுழலும், இயங்காது. பகல் பதினொரு மணிக்கு வெயிலெறித்த பின்பு ஒரே திருப்பில் இயங்கும். காரணம், டிஸ்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்திலும் பழைய வயர்களின் மேலும் படிந்த ஈரம். இருபதினாயிரம் வோல்ற் மின்சாரம் பிளக்கை நாடிச் செல்லாமல் அந்த ஈரத்தின் வழியே இரும்பில் இறங்கிவிடுகிறது. உலர்ந்த பருத்தித் துணி ஒன்றே இதற்கு மருந்து. துடைக்கும் ஆவலில் நான்கு வயர்களையும் ஒருசேரக் கழற்றிவிட்டு, எது எந்த சிலிண்டருக்குரியது என்று திகைப்பவர் உண்டு. இத்தகைய எஞ்சின்களில் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2 என்பது. இரண்டு வயர் இடம்மாறினாலும் எஞ்சின் இருமும், உதறும்; இயங்காது. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டுவதே தகும்.

புதிய வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் கொயில் அமர்ந்திருக்கும். அவற்றில் மேற்கூறியவாறு வயரைக் கழற்றி விளையாடுவது கொயிலையும் கணினியையும் கெடுத்துவிடக்கூடும். அதற்குரிய சிறு சோதனைக் கருவி கராஜ்களில் உண்டு; அதனாற் பார்ப்பதே முறை.

பெற்றோல் இருக்கிறதா, ஆவி இருக்கிறதா?

பொறி நன்றாயிருப்பின் அடுத்த கேள்வி எரிபொருள். இங்கே நகைப்புக்குரியதொன்றைக் கூறாமலிருக்க இயலாது: தாங்கியில் பெற்றோல் இருக்கிறதா என்று முதலிற் பார்க்கவேண்டும். மீற்றரின் முள் பாதியைக் காட்டுகிறதென்பது சான்றாகாது; பழைய வண்டிகளில் முள் பொய்யும் சொல்லும்.

பின்பு காதைப் பயன்படுத்தவேண்டும். மொறிஸ் மைனரிலுள்ள எஸ்.யூ. மின்பம்பு, திறப்பை முதல் நிலைக்குத் திருப்பியதும் ‘டிக், டிக், டிக்’ என்று சிலமுறை அடித்து, கார்புரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் அடங்கும். அடிக்கவேயில்லையெனில் அதன் மின்தொடுகைகள் ஒட்டியிருக்கலாம். செருப்பின் குதியால் மெல்லத் தட்டினால் மீண்டும் அடிக்கத் தொடங்கும் என்பதைப் பழைய சாரதிகள் எல்லாரும் அறிவர். ஓயாது அடித்துக்கொண்டேயிருந்தால் தாங்கி வெறுமையாயிருக்கிறது, அல்லது குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. பெற்றோலை நேரே பீச்சியடிக்கும் இக்கால வண்டிகள் பலவற்றில் பம்பு தாங்கிக்குள்ளேயே இருக்கும். திறப்பைத் திருப்பியதும் பின்னிருக்கையின் கீழிருந்து இரண்டு விநாடியளவு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அயலில் அமைதியிருக்கையில் ஒருமுறை அதைக் கேட்டுப் பழகிக்கொண்டவருக்கு, அது கேளாத நாளில் நோய் எப்பக்கம் என்பது உடனே தெரிந்துவிடும். அந்நிலையிற் பம்பை மாற்றப் புறப்படுவதற்கு முன் அதற்குரிய பியூசையும் றிலேயையும் பார்க்கவேண்டும். பியூஸ் ஒன்றின் விலையும் பம்பு ஒன்றின் விலையும் ஒன்றல்ல.

பெற்றோல் மணம் வலுவாக வீசினால் நிலைமை மறுதலையானது. அளவுக்கு மிஞ்சிய பெற்றோல் உட்புகுந்து பிளக்குகளை நனைத்துவிட்டது. காற்றுப் பங்கு பதினைந்துக்குச் சற்றுக் குறையவும் பெற்றோல் பங்கு ஒன்றும் என்ற நிறை விகிதமே முற்றாக எரிவதற்கு ஏற்றது. வெள்ளம் போற் பெற்றோல் நிறைந்த சிலிண்டரிற் பொறி மூழ்கிப்போகும். சோக்கை உள்ளே தள்ளி, முடுக்கியை அடிமட்டம்வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சில விநாடி சுழற்றினால் காற்று புகுந்து உலர்த்தும். பெற்றோலைப் பீச்சும் வண்டிகளிற் பெரும்பாலானவையும் முடுக்கி முற்றாக மிதிக்கப்பட்டிருக்கையில் சுழற்றினால் பெற்றோலைத் தாமே நிறுத்திவிடும்படி அமைக்கப்பட்டுள்ளன.

ஆனால் பெற்றோல் திரவமாக இருப்பது வேறு, எரியத்தக்க ஆவியாக இருப்பது வேறு. இவ்வேறுபாட்டை யாழ்ப்பாணத்து மக்களைப் போலத் தம் அனுபவத்தாற் கற்றவர்கள் உலகிற் சிலரே இருப்பர். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. வீதியில் நின்ற ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் வண்டிகளும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. எனினும் மண்ணெண்ணெயைத் தாங்கியில் ஊற்றித் திறப்பைத் திருப்பினால் எஞ்சின் சுழலுமேயன்றி இயங்காது. பொறி இருக்கிறது, அமுக்கம் இருக்கிறது, குழாயில் எண்ணெயும் வருகிறது. இருந்தும் இயங்கவில்லை. கிடைத்தற்கரிய பெற்றோலைத் துளித்துளியாகச் சேமித்து வைத்து, அதில் ஒரு சிறிதளவைக் கொண்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள், அப்பொழுது ஓடியது.

இதன் விளக்கம் எளிது. பெற்றோல் சுழியத்திற்குக் கீழே நாற்பது பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியைத் தரும் இயல்புடையது. மண்ணெண்ணெய் அத்தகைய ஆவியைத் தருவதற்குச் சுழியத்திற்கு மேலே முப்பத்தெட்டுப் பாகையேனும் வேண்டும். யாழ்ப்பாணத்து நண்பகல் வெப்பமும் பெரும்பாலும் அதற்குப் போதாது. எஞ்சின் சூடேறி, அதன் உட்செல் குழாய் வெதும்பிய பின்பே மண்ணெண்ணெய் ஆவியாயிற்று. ஏழெட்டு மடங்கே கலவையை நெருக்கும் அந்தப் பழைய எஞ்சின்கள் இக்கொடுமையைப் புகையோடும் இரைச்சலோடும் தாங்கிக்கொண்டன. பத்து மடங்கும் அதற்கு மேலும் நெருக்கும் இன்றைய எஞ்சின் தாங்காது. கார்புரேற்றரின் வாயிற் பெற்றோலை நேரே ஊற்றி இயக்கும் வழக்கமும் அக்காலத்தது. எஞ்சின் எதிர்த்துச் சீறினால் ஊற்றுபவரின் முகத்திலே தீ பாயும். அவ்வழக்கத்தை இன்று எவரும் கைக்கொள்ளவேண்டாம்.

இந்த அனுபவத்தை நான் நினைவுபடுத்துவது பழங்கதை பேசுவதற்காக அன்று. 2022 ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தில் எத்தனையோ வண்டிகள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அசையாது நின்றன. பலர் பெற்றோலைக் கலன்களில் அடைத்து வைத்தனர். நெடுநாள் நின்ற பெற்றோலில் விரைந்து ஆவியாகும் பகுதிகள் பறந்துபோய் விடுகின்றன; எஞ்சியது பெற்றோலைப் போலத் தோன்றும், பெற்றோலைப் போலப் பற்றிக்கொள்ளாது. பிசின் போன்ற படிவும் உண்டாகி நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். கலப்படமாக மண்ணெண்ணெய் சேர்ந்திருப்பினும் அதே விளைவு. தண்ணீர் புகுந்திருந்தால், அது பெற்றோலைவிடக் கனமானதாகையால் தாங்கியின் அடியிலே தங்கி, பம்பின் வாய்க்கு முதலிற் செல்லும். சிறிதளவை வெளியே எடுத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் வைத்துப் பார்த்தால் இரு படைகளாகப் பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும்.

அமுக்கம் என்னும் மூன்றாவது தேவை

பொறியும் நல்ல பெற்றோலும் இருந்தும் இயங்கவில்லையெனில் எஞ்சியது அமுக்கம். இதற்கும் காதே முதற் கருவி. நல்ல எஞ்சின் சுழலும்போது ஓசை ஏற்ற இறக்கமுடையது; ஒவ்வொரு சிலிண்டரும் கலவையை நெருக்கும் கணத்தில் ஸ்ராட்டர் சற்றுத் திணறும். அந்தத் திணறல் இன்றி, வழக்கத்தைவிட விரைவாக, ஒரே சீராக ‘விர்’ரென்று சுழலுமாயின், வால்வுகளைத் திறந்து மூடும் ரைமிங் பெல்ற் அறுந்திருக்கக்கூடும் என்று ஐயுறவேண்டும். அவ்வோசை கேட்டவுடன் சுழற்றுவதை நிறுத்திவிட வேண்டும். பல எஞ்சின்களில் அசையாது திறந்து நிற்கும் வால்வைப் பிஸ்டன் மேலேறி வந்து இடித்து வளைத்துவிடும். ஓடிக்கொண்டிருந்தபோதே அறுந்திருந்தால் சேதம் முன்னரே நிகழ்ந்திருக்கலாம். எனினும் மேலும் கூட்டுவானேன்?

மூன்று தேவைகளும் உரிய வேளையில் வந்து கூடுவதைக் கண்காணிக்கும் வேலை இன்று கணினியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் சுழல்தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சிறியதோர் உணரி கணினிக்கு அறிவித்துக்கொண்டேயிருக்கும். அவ்வறிவிப்பு நின்றால் கணினி பொறியையும் நிறுத்தும், பெற்றோலையும் நிறுத்தும். இரண்டும் ஒருங்கே இல்லாமற் போனால், இரண்டு பாகங்கள் ஒரே நாளிற் பழுதாயின என்று எண்ணுவதைக் காட்டிலும், இரண்டுக்கும் பொதுவான ஒன்றையே தேடவேண்டும்.

இதற்கு எங்கள் அயலில் நிகழ்ந்ததொன்று பொருத்தமான எடுத்துக்காட்டு. இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரின் ஜப்பானியக் கார் காலையில் ஒரே திருப்பில் இயங்கும். நண்பகலிற் கடைத்தெருவில் நிறுத்திவிட்டுத் திரும்பினாற் சுழலும், இயங்காது. ஒரு மணி நேரம் கழித்து ஒன்றும் நடவாதது போல இயங்கும். முதலிற் பற்றரி மாறியது. பின்பு பிளக்குகள். பின்பு பெற்றோல் பம்பு. ஒவ்வொரு தடவையும் மாற்றிய பின் வண்டி இயங்கியது. ஏனெனில் மாற்றி முடிப்பதற்குள் எஞ்சின் குளிர்ந்துவிட்டது! பம்பை மாற்றிய செலவுக்கு அவர் ஓய்வூதியத்தில் மூன்று மாதப் பகுதி போயிற்று. நான்காவதாக வந்தவர் இருபத்தைந்து வயதுள்ள ஓர் இளைஞர். வண்டி அப்பொழுது நன்றாக இயங்கிக்கொண்டிருந்தது. அவர் பொனற்றைத் திறக்கவேயில்லை.

“ஐயா, இப்ப ஓடுகிற வண்டியில் நான் என்னத்தைப் பார்க்கிறது? நிற்கிறபோது கூப்பிடுங்கோ. எத்தனை மணியென்றாலும் வாறன். அதுவரைக்கும் ஒன்றையும் மாற்றாதேயுங்கோ,” என்று கூறிச் சென்றுவிட்டார்.

“தம்பி, வெயிலுக்குள்ளே நடுறோட்டில் நிற்கிறபோதோ?” என்று தபாலதிபர் கேட்டார்.

“அப்பதான் ஐயா அது உண்மை சொல்லும்.”

மூன்றாம் நாள் நண்பகலில் வண்டி நின்றது. இளைஞர் வந்து, ஐயாவையே சுழற்றச் சொல்லி, தாம் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து, எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். சுழற்றும்போது சிறிதேனும் எழவேண்டிய முள் சுழியத்தில் அசையாது கிடந்தது. பின்னர் கருவியைக் கொண்டு பொறி இல்லையென்றும், பெற்றோல் பீச்சப்படவில்லையென்றும் உறுதிசெய்தார். சுழல்தண்டின் உணரி சூடேறியபோது ஊமையாகி, குளிர்ந்தபோது பேசியிருக்கிறது. அதன் விலை பம்பின் விலையில் ஒரு சிறு பங்கு. அன்று மாலை மாற்றப்பட்டது. வண்டி அதன்பின் நண்பகலிலும் இயங்குகிறது.

முன்னே வந்த மூவரும் திறமையற்றவர்கள் என்று நான் கூறமாட்டேன். நோயைக் காணாமலே மருந்து கொடுக்கும்படி அவர்களை நெருக்கியது நாம்தான் என்பதையும் நினைக்கவேண்டும். “எப்படியாவது இன்றைக்கே செய்து தாருங்கள்” என்று அவசரப்படுத்துபவருக்கு, எதையாவது மாற்றிக் கொடுப்பதன்றி வேறென்ன செய்வது? ஒரே வேளையில் இரண்டு, மூன்று பாகங்களை மாற்றிவிட்டால், இயங்கினாலும் எதனால் இயங்கிற்று என்பது தெரியாது. இயங்காவிட்டாலும் எது குற்றமற்றது என்பது தெரியாது.

கணினியுள்ள வண்டிகளில், சாரதியின் முன்னே திறப்பின் வடிவிற் சிறு விளக்கொன்று விடாது மின்னுமாயின், அது களவைத் தடுக்கும் பூட்டு திறப்பை அடையாளங் காணவில்லை என்பதற்கு அறிகுறி. எஞ்சின் சுழலும், பெற்றோலோ பொறியோ வராது. மேலதிகத் திறப்பு வீட்டில் இருந்தால் அதைக் கொண்டு முயன்று பார்ப்பது எல்லாச் சோதனைகளிலும் மலிவானது. அந்தத் திறப்பை எங்கே வைத்தோம் என்று வீட்டார் தேடத் தொடங்குவது வேறு கதை.

இனி, வண்டியைக் கராஜ்காரரிடம் ஒப்படைக்க நேர்ந்தால், “ஸ்ராட் ஆகவில்லை” என்பதோடு நிறுத்தாமல், அது வேகமாகச் சுழல்கிறதா மெதுவாகச் சுழல்கிறதா, குளிர்ந்திருக்கும்போதா சூடாயிருக்கும்போதா, மழைக்குப் பின்னா, கடைசியாக எங்கே பெற்றோல் அடித்தது, பெற்றோல் மணம் வந்ததா, பம்பின் ஓசை கேட்டதா என்பனவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கலாம். வீட்டிலுள்ள மாணவர்கள் இக்குறிப்பை எழுதப் பழகினால், விஞ்ஞானப் பாடத்தில் அவதானம் என்று படிப்பது யாதென்று அவர்களுக்கும் விளங்கும்.

டீசல் வண்டிக்கு மேற்கூறியவற்றுட் பொறியைப் பற்றிய பகுதி பொருந்தாது. அங்கே பிளக்கின் தீப்பொறி கிடையாது. காற்றை மிகுந்த அமுக்கத்துக்குள்ளாக்கி, அதனாற் பிறக்கும் வெப்பத்திலேயே டீசல் எரிகிறது. தாங்கி வற்றும்வரை ஓடிய பழைய டீசல் வண்டி, மறுபடி நிரப்பிய பின்பும் இயங்காதிருந்தால் குழாயிற் காற்று அடைபட்டிருக்கும். அதை வெளியேற்றினாலன்றி எத்தனை நேரம் சுழற்றினும் பயனில்லை.

இப்பொழுது நம் வீதிகளில் நிறைந்திருக்கும் ரொயோற்றா பிரியஸ், அக்குவா போன்ற கலப்பு வண்டிகளிலோ, தனி ஸ்ராட்டரும் இல்லை, அந்தக் ‘கர், கர்’ ஓசையும் இல்லை. பெரிய மின்மோட்டாரே எஞ்சினைச் சுழற்றுகிறது. அவ்வண்டி எழ மறுத்தால் வீட்டார் தாமே பார்க்கத்தக்கது அதிலுள்ள சிறிய 12 வோல்ற் பற்றரி ஒன்றே. அது இறங்கியிருந்தாலும் பெரிய பற்றரி நிறைந்திருக்க வண்டி அசையாது நிற்கும். செம்மஞ்சள் நிற உறையிட்ட தடித்த வயர்கள் உயிரைக் கொல்லும் மின்னழுத்தத்தைச் சுமப்பவை. அவற்றிற் பயிற்சி பெற்றவரன்றி வேறெவரும் கைவைத்தல் கூடாது.